பீர் காய்ச்சியவர் கண்ட நிலாக்கள்



வியாழனின் நான்கு நிலாக்களைக் கண்டவர் கலிலியோ. சனிக்கு நான்கு நிலாக்களைக் கண்டு சொன்னவர் காசினி. சனிக்கு இரண்டு, யுரேனஸுக்கு இரண்டு என்று நான்கைக் கண்டவர் வில்லியம் ஹெர்ஷல். இந்த மூன்று பெயரையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள். நான்கு நிலாக்களைக் கண்ட இன்னொருவரும் இருக்கிறார். வில்லியம் லாசல். நெப்டியூனுக்கு ஒன்று, யுரேனஸுக்கு இரண்டு, சனிக்கு ஒன்று. சனியின் நிலாவில் மட்டும் அமெரிக்காவிலிருந்த பாண்ட் என்ற தந்தைக்கும் மகனுக்கும் சமபங்கு உண்டு. லாசல் எந்த வானாய்வகத்திலும் சம்பளம் வாங்கியவரல்ல. பல்கலைக்கழகப் படிப்பும் கிடையாது. லிவர்பூலில் பீர் காய்ச்சி விற்றவர்.

நம்மூரில் மதுத் தொழிலில் பணம் பார்த்தவர்கள் அடுத்ததாக ஒரு பொறியியல் கல்லூரி கட்டுவார்கள். லாசல் தொலைநோக்கி கட்டினார்.

இன்றைக்கு நான் பேசப்போவது அவர் கண்ட நிலாக்களைவிட அவர் உருக்கித் தேய்த்த உலோகத்தைப் பற்றித்தான் அதிகம். அந்த நிலாக்கள் கண் கூர்மையால் கிடைத்தவை என்றோ, அதிர்ஷ்டத்தால் கிடைத்தவை என்றோ நான் நினைக்கவில்லை. அவை பட்டறையில் கிடைத்தவை. அவர் ஏமாந்த ஓர் இடமும் உண்டு. அதுவும் பட்டறையில் நேர்ந்ததுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

லங்காஷயரின் போல்டன் நகரில் 1799 ஜூன் 18ஆம் தேதி பிறந்தார். அப்பா மரவியாபாரி, பையன் சின்னவனாக இருக்கும்போதே போய்விட்டார். 1814இல் லிவர்பூலுக்கு வந்து ஒரு வியாபாரியின் அலுவலகத்தில் வேலை பழகினார். வானத்தின் மேல் ஆசை வந்தது. நல்ல தொலைநோக்கி வாங்கும் வசதி அந்த வயதில் இல்லை. அதனால் 1820 வாக்கில் தானே செய்ய உட்கார்ந்தார். 7 அங்குல விட்டமுள்ள ஆடிகளை வார்த்துத் தேய்த்து இரண்டு தொலைநோக்கிகள் செய்தார். 1825 வாக்கில் பீர் காய்ச்சும் ஆலை தொடங்கினார். துறைமுகம் வளர்ந்துகொண்டிருந்த ஊர் அது; வேலையாட்கள் வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். தாகத்துக்குக் குறைவிருக்குமா? தொழில் நன்றாக நடந்தது.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் வானியல் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரசு கிரீனிச்சில் ஒரு வானாய்வகத்தை நடத்தியது. அதன் வேலை நேரம் கணிப்பது, கப்பல்களுக்கு வேண்டிய விண்மீன், நிலா இருப்பிடங்களை அளந்து தருவது. கோள்களின் முகத்தைப் பார்ப்பது, புதிய நிலா தேடுவது, மேகம்போல் தெரியும் நெபுலாக்களை ஆராய்வது இதெல்லாம் அரசு வேலையாகக் கருதப்படவில்லை. கையில் காசும் மனதில் பித்தும் உள்ளவர்கள் சொந்தச் செலவில் செய்துகொண்டார்கள். அமெச்சூர் என்றால் நமக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு நினைவுக்கு வரும். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் பெரிய தொலைநோக்கி வைத்திருந்தவர்களில் பலர் அமெச்சூர்கள்தான். ஆலன் சாப்மன் என்ற வரலாற்றாசிரியர் இவர்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார்.

லாசல் லிவர்பூலின் ஓரத்தில் வெஸ்ட் டெர்பியில் ஒரு வீடு கட்டிக்கொண்டார். அதற்கு ஸ்டார்ஃபீல்ட் என்று பெயர். விண்மீன் வயல் என்று வைத்துக்கொள்ளலாம். தோட்டத்தில் வானாய்வகம். முதலில் 9 அங்குலத் தொலைநோக்கி.

இனி உலோகத்துக்கு வருவோம். இன்றைக்குத் தொலைநோக்கியின் ஆடி என்றால் கண்ணாடியைத் தேய்த்து, மேலே அலுமினியம் பூசிவிடுவார்கள். மங்கினால் பூச்சை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசலாம். கண்ணாடியின் வடிவம் மாறாது. லாசல் காலத்தில் அந்த வசதி இல்லை. ஆடி முழுக்க உலோகம். செம்பு இரண்டு பங்கு, வெள்ளீயம் ஒரு பங்கு. கேரளத்து ஆறன்முளைக் கண்ணாடியைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். கிட்டத்தட்ட அதே கலவைதான். வெள்ளை வெளேரென்று பளபளக்கும். கீழே போட்டால் பீங்கான் மாதிரி உடையும். வார்த்த ஆடியைச் சூளையில் வைத்து நாள்கணக்கில் ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் விரிசல். இவ்வளவு பாடுபட்டும் விழும் ஒளியில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் திருப்பித் தரும். ஈரக்காற்றில் சீக்கிரம் மங்கும். லிவர்பூலில் ஈரத்துக்கும் பஞ்சமில்லை, கரிப்புகைக்கும் பஞ்சமில்லை. மங்கினால் மறுபடி மெருகேற்ற வேண்டும். மெருகேற்றும்போதே வடிவமும் கெட்டுவிடலாம். ஒரு தலைமுடியின் கனத்தை ஆயிரமாகப் பங்கிட்டு, அதில் ஒரு பங்கு அளவுக்கு எங்காவது மேடோ பள்ளமோ தங்கினால் போதும், விண்மீன் புள்ளியாக விழாமல் கலங்கித் தெரியும். ஆடிக்கு மெருகேற்றுபவர் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குகிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அயர்லாந்தில் ராஸ் பிரபு என்ற கோமான் இருந்தார். பர் என்ற ஊரில் கோட்டை. அவர் ஆடி தேய்க்க நீராவியால் ஓடும் இயந்திரம் வைத்திருந்தார். 72 அங்குல விட்டமுள்ள தொலைநோக்கி ஒன்றையும் கட்டிக்கொண்டிருந்தார். லாசல் 1844இல் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதே மாதிரி இயந்திரம் செய்து பார்த்தார், திருப்தியில்லை. கையால் தேய்க்கும்போது கை சுழல்கிறதே, அந்தச் சுழற்சியை இயந்திரம் செய்ய வேண்டும் என்று யோசித்தார். மான்செஸ்டர் பக்கத்தில் பாட்ரிகிராஃப்ட் என்ற இடத்தில் ஜேம்ஸ் நாஸ்மித் வார்ப்பாலை நடத்தினார். நீராவிச் சம்மட்டியைக் கண்டுபிடித்த நாஸ்மித் இவர்தான். இவருக்கும் நிலாப் பித்து உண்டு. லாசல் நினைத்த இயந்திரத்தை நாஸ்மித் செய்துகொடுத்தார். ஆடியின் மேல் கீல் பூசிய வட்டத்தகடு, இடையே செந்நிற மெருகுப் பொடியும் தண்ணீரும், தகடு வட்டம் வட்டமாகச் சுழன்று சுழன்று ஓடும். பீர் ஆலைக்காரரும் சம்மட்டிக்காரரும் சேர்ந்து தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தேய்த்தெடுத்தார்கள்.

இப்படி உருவானதுதான் 24 அங்குல விட்டமும் 20 அடி குவியத் தூரமும் கொண்ட தொலைநோக்கி. ராஸ் பிரபுவின் 72 அங்குலத்தோடு ஒப்பிட்டால் இது குட்டிதான். ஆனால் ராஸின் ராட்சதக் குழாய் இரண்டு கற்சுவர்களுக்கு நடுவே தொங்கியது. மேலும் கீழும் ஏறி இறங்கும். பக்கவாட்டில் கொஞ்சம்தான் நகரும். ஒரு கோள் அந்த இடைவெளியைக் கடக்கும் சிறிது நேரத்துக்குள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். லாசல் தன் குழாயைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைத்த ஓர் அச்சில் பொருத்தினார். பூமி சுழலும் வேகத்தில் அந்த ஓர் அச்சை மட்டும் திருப்பினால் போதும், கோள் கண்ணை விட்டு ஓடாது. இந்த ஏற்பாடு சின்னத் தொலைநோக்கிகளில் ஏற்கெனவே இருந்ததுதான். இத்தனை பெரிய ஆடித் தொலைநோக்கியில் முதலில் செய்து காட்டியவர் லாசல்.

இதில் ஒரு சிக்கல் வரும். குழாய் சாயச் சாய, உள்ளே உலோக ஆடி தன் பாரத்திலேயே தளரும். தளர்ந்தால் வடிவம் போச்சு. லாசல் ஆடியின் முதுகுப் பக்கம் எதிரெடை கட்டிய நெம்புகோல்களை வைத்தார். குழாய் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறதோ, அதற்கேற்ப அவை தாமாகவே ஆடியைத் தாங்கும். பலோமர் மலையிலுள்ள 200 அங்குல ஆடியைத் தாங்குவதும் இதே வகை ஏற்பாடுதான். என்னைக் கேட்டால், லாசல் கண்ட நான்கு நிலாக்களையும் ஒரு தட்டில் வைத்து, இந்த நெம்புகோலை மறுதட்டில் வைத்தால் நெம்புகோல் பக்கம்தான் தட்டு இறங்கும். ஆனால் நெம்புகோலுக்கு யார் சிலை வைப்பார்கள்?

தொலைநோக்கி தயாரான நேரத்தைப் பாருங்கள். 1846 செப்டம்பர் 23ஆம் தேதி இரவு, பெர்லினில் காலே என்பவர், பிரான்சின் லெவெரியே கணக்கிட்டுச் சொன்ன இடத்தில் தேடி, நெப்டியூனைக் கண்டுபிடித்தார். செய்தி லண்டனுக்கு வந்தது. அக்டோபர் 1ஆம் தேதி ஜான் ஹெர்ஷல், அதாவது யுரேனஸைக் கண்ட வில்லியம் ஹெர்ஷலின் மகன், லாசலுக்குக் கடிதம் போட்டார்: அந்தக் கோளுக்குத் துணைக்கோள் இருக்கிறதா என்று உடனே பாருங்கள் என்று. ஏன் லாசலுக்கு? அப்படிப் பார்க்கக்கூடிய கருவி அவரிடம் இருக்கிறது என்று ஹெர்ஷலுக்குத் தெரியும்.

லாசல் அக்டோபர் 2ஆம் தேதியே நெப்டியூனைப் பார்த்துவிட்டார். 10ஆம் தேதி அதன் அருகே மங்கலாக ஒரு புள்ளி. கோள் கண்டுபிடிக்கப்பட்டு 17 நாள்தான் ஆகியிருந்தது. நெப்டியூன் அப்போது கும்ப ராசியில் இருந்தது. லிவர்பூலிலிருந்து பார்த்தால் உச்சிக்கு வரும்போதுகூட அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 23 டிகிரிதான் ஏறும். அந்த உயரத்தில் புகையும் மூட்டமும் காற்றின் நடுக்கமும் வேறு. கோளைவிட அந்தப் புள்ளி நூறு மடங்குக்கும் மேல் மங்கல்.

புள்ளியைப் பார்த்தது பெரிய விஷயமில்லை. வானத்தில் எங்கே பார்த்தாலும் புள்ளிதான். அது பின்னணியில் கிடக்கும் விண்மீனா, கோளோடு கூடவே நகரும் துணையா என்று நிரூபிக்க வேண்டும். அதற்குப் பல இரவுகள் பார்த்து, கோளிலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று குறித்துக்கொண்டே வர வேண்டும். லிவர்பூல் மழைக்காலம் அதற்கு விடவில்லை. பிறகு நெப்டியூன் சூரியனுக்குப் பின்னால் போய்விட்டது. 1847 ஜூலையில்தான் லாசல் உறுதியாகச் சொன்னார்: நிலாதான், ஆறு நாளுக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் கோளைச் சுற்றிவருகிறது. ரஷ்யாவின் புல்கோவோவிலும் அமெரிக்காவின் ஹார்வர்டிலும் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். அதற்கு டிரைட்டன் என்ற பெயரை 1880இல் பிரெஞ்சு வானியலாளர் பிளாமரியோன் சொன்னார். நெப்டியூனுக்கு வேறு நிலா அப்போது தெரியாத காரணத்தால் பெயருக்கு அவசியமும் இருக்கவில்லை. பல காலம் வெறுமனே நெப்டியூனின் துணைக்கோள் என்றே சொல்லிவந்தார்கள்.

இங்கே ஒரு கதையைச் சொல்லாவிட்டால் யாராவது கேள்வி நேரத்தில் எழுந்து கேட்பீர்கள். நெப்டியூனையே லாசல்தான் முதலில் கண்டிருப்பார், நண்பர் டாஸ் பாதிரியார் இடத்தைக் குறித்துக் கடிதம் எழுதியிருந்தார், லாசல் கணுக்கால் சுளுக்கிப் படுத்திருந்தார், வேலைக்காரப் பெண் கடிதத்தைத் தொலைத்துவிட்டாள் என்றொரு கதை. கேட்க நன்றாக இருக்கிறது. வரலாற்றாசிரியர்கள் துருவிப் பார்த்துவிட்டார்கள். நம்பும்படியான ஆதாரம் சிக்கவில்லை. நானும் நம்பவில்லை. பழியெல்லாம் வேலைக்காரப் பெண்ணின் தலையில் விழும் கதைகளை நான் பொதுவாகவே நம்புவதில்லை.

சரி, ஏமாந்த கதைக்கு வருகிறேன். அதே 1846 அக்டோபரில், நிலாவோடு கூடவே இன்னொன்றும் லாசலுக்குத் தெரிந்தது. சனிக்கு இருப்பதுபோல நெப்டியூனைச் சுற்றி ஒரு வளையம். ஒருநாள் அல்ல, பலநாள் தெரிந்தது. வீட்டுக்கு வந்த நண்பர்களுக்கும் தெரிந்தது. படம் வரைந்தார், அறிவித்தார். கேம்பிரிட்ஜில் சாலிஸ் என்ற பேராசிரியர் தன் தொலைநோக்கியில் தனக்கும் வளையம் தெரிகிறது என்றார். இந்த சாலிஸ்தான் நெப்டியூனைக் கண்டுபிடிக்கும் முன்பே கண்ணால் பார்த்தும் கோள் என்று தெரியாமல் விட்டவர். அந்த நேரத்தில் அவருக்கு எதையாவது கண்டாக வேண்டிய நெருக்கடி இருந்திருக்கும். சாலிஸ் பார்த்ததும் லாசலின் வளையத்துக்குச் சாட்சி கிடைத்துவிட்டது. நாமாக இருந்தால் அத்தோடு நிறுத்தியிருப்போம்.

லாசல் நிறுத்தவில்லை, ஒதுக்கவுமில்லை. சந்தேகத்தோடே வைத்திருந்தார். சில ஆண்டுகள் கழித்து, குழாயை அதன் தொட்டிலிலேயே சுழற்றும்படி அமைத்துக்கொண்டார். குழாயைச் சுழற்றினால் வானத்திலுள்ள வளையம் சுழலக் கூடாது. கருவியின் கோளாறாக இருந்தால் கூடவே சுழலும். வளையம் கூடவே சுழன்றது. ஆடி எங்கோ நெளிந்து கோளின் உருவத்தை இழுத்திருக்கிறது. வளையத்தைக் கைவிட்டார். நெம்புகோல்களைச் செய்த மனிதரின் ஆடியே அவரை ஏமாற்றியது. அதைக் கண்டுபிடிக்கும் சோதனையையும், ஆடி எப்படி நெளியும் என்று தெரிந்த அவர்தான் யோசித்துச் செய்ய முடிந்தது. கடையில் வாங்கிய தொலைநோக்கியை வைத்துக்கொண்டு ஒருவருக்கு இந்தச் சோதனை தோன்றியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

1848 செப்டம்பரில் சனியின் எட்டாவது நிலா. ஹார்வர்டில் பாண்டுகள் 16ஆம் தேதி பார்த்தார்கள். லாசல் 18ஆம் தேதி பார்த்தார். நடுவில் அட்லாண்டிக். ஒருவருக்கு மற்றவர் செய்தது தெரியாது. சண்டை போடாமல் இருவருக்கும் உரிமை கொடுத்துவிட்டார்கள். ஹைபீரியன் என்று பெயர் வைத்தவர் லாசல். அடுத்த ஆண்டு அரச வானியல் கழகம் தன் தங்கப் பதக்கத்தை அவருக்குக் கொடுத்தது. 1953இல் நம் சந்திரசேகர் வாங்கியதும் அதே பதக்கம்தான்.

யுரேனஸ் கொஞ்சம் முள். 1787இல் வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸுக்கு இரண்டு நிலாக்களைக் கண்டார். பிறகு இன்னும் நான்கு இருப்பதாகவும் எழுதினார். பெரியவர் சொன்னால் மறுப்பது யார்? புத்தகங்களில் ஆறு நிலா என்றே அச்சாகிக்கொண்டிருந்தது. 1851 அக்டோபர் 24ஆம் தேதி லாசல் கோளை ஒட்டினாற்போல் இரண்டு புதிய புள்ளிகளைக் கண்டார். ஒன்று இரண்டரை நாளிலும் மற்றது நான்கு நாளுக்குச் சற்று மேலும் சுற்றிவருகின்றன. ஹெர்ஷல் சொன்ன எந்தக் கணக்கோடும் இவை பொருந்தவில்லை. ஹெர்ஷலின் நான்கும் விண்மீன்களைப் பார்த்து மயங்கியவை. யுரேனஸுக்குத் தன் கருவிக்குத் தெரியும் நிலாக்கள் நான்கே என்று லாசல் முடிவுகட்டினார். புதியவற்றுக்குப் பெயர் வைக்கும்படி அவர் கேட்டது யாரை? அந்த வில்லியம் ஹெர்ஷலின் மகன் ஜானை. ஏரியல், அம்ப்ரியல் என்று ஆங்கிலக் கவிதையிலிருந்து பெயர் எடுத்துக் கொடுத்தார் ஜான். தகப்பனாரின் நான்கு நிலாக்களை இல்லாமல் செய்தவரோடு மகனுக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை என்பதை எண்ணிப் பார்க்கிறேன். நம் இலக்கியச் சண்டைகளில் இது நடக்குமா?

லிவர்பூல் வளர வளர வானம் கறுத்தது. 1852இல் லாசல் தொலைநோக்கியைப் பிரித்துக் கப்பலேற்றி மால்டா தீவுக்குக் கொண்டுபோனார். வலெட்டாவில் அதை நிறுத்தி ஒரு குளிர்காலம் முழுக்கப் பார்த்தார். தெற்கே வந்தால் கோள்கள் உயரத்தில் ஏறும், காற்றும் தெளிவு. ருசி கண்டுவிட்டார். திரும்பி வந்து இன்னும் பெரிதாக 48 அங்குலத் தொலைநோக்கி ஒன்று கட்டினார். 37 அடி குவியத் தூரம். ஆடி மட்டும் ஒரு டன்னுக்கு மேல். குழாயை மூடாமல் இரும்புப் பட்டைகளால் கூண்டுபோல் செய்தார். வெப்பக் காற்று உள்ளே அடைபட்டு உருவத்தைக் கலக்கக் கூடாது என்பதற்காக. 1861இல் அதையும் மால்டாவுக்குக் கொண்டுபோய்ச் சிலியேமாவில் நிறுத்தினார்.

அங்கே பார்க்கும் விதத்தைக் கற்பனை செய்து பாருங்கள். கண் வைக்கும் இடம் குழாயின் மேல் நுனியில். பக்கத்தில் மாடி மாடியாக ஒரு கோபுரம். குழாய் திரும்பத் திரும்ப அதுவும் தண்டவாளத்தில் சுற்றிவரும். குழாயைத் திருப்பக் கடிகாரப் பொறி கிடையாது. கீழே ஓர் ஆள் கடிகாரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, விநாடிக்கு ஒரு சுற்று வீதம் கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே லாசலோ உதவியாளர் ஆல்பர்ட் மார்த்தோ பார்ப்பார்கள். அந்தக் கைப்பிடிக்காரரின் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது.

நான்கு ஆண்டுகள். 600 புதிய நெபுலாக்கள் கொண்ட பட்டியல் கிடைத்தது. அதில் பெரும்பங்கு மார்த்துடையது. புதிய நிலா ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஒளி சேர்க்கும் திறன் நான்கு மடங்கு, பலன் பூஜ்யம். யுரேனஸின் அடுத்த நிலாவை வானியலாளர் கைப்பர் 1948இல் புகைப்படத்தில்தான் பிடித்தார். நெப்டியூனின் அடுத்ததை 1949இல். அந்த இரண்டு கோள்களிலும் கண்ணால் பார்த்துக் கிடைக்கக்கூடியதை 24 அங்குலத்திலேயே லாசல் துடைத்தெடுத்துவிட்டார் போலும்.

பெரிய தொலைநோக்கியை ஆஸ்திரேலியாவின் மெல்பர்னுக்குத் தருகிறேன் என்றார். அவர்கள் வேண்டாம் என்று புதிதாக ஒன்று செய்யச் சொன்னார்கள். 48 அங்குலம் பழைய இரும்புக்குப் போயிற்று. 24 அங்குலம், அவர் 1880 அக்டோபரில் மெய்டன்ஹெட்டில் இறந்த பிறகு, மகள்கள் கொடுக்க, 1883இல் கிரீனிச்சுக்குப் போனது. சம்பளம் வாங்கியவர்களின் வானாய்வகத்துக்கு அமெச்சூரின் சீதனம்.

1989 ஆகஸ்டில் வாயேஜர் 2 விண்கலம் நெப்டியூனைக் கடந்தபோது நிஜமாகவே வளையங்கள் தெரிந்தன. கரிபோலக் கறுத்த, மெல்லிய வளையங்கள். லாசலின் தொலைநோக்கியில் எக்காலத்திலும் தெரிந்திருக்க முடியாதவை. அவற்றில் ஒன்றுக்கு லாசல் என்று பெயர் வைத்தார்கள். வைத்தவர்களுக்குக் குறும்பு இருந்திருக்க வேண்டும். டிரைட்டனோ எல்லோரையும் திகைக்க வைத்தது. மைனஸ் 235 டிகிரி குளிரில் நைட்ரஜன் பீச்சல்கள் 8 கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பிக்கொண்டிருந்தன. கோள் சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் சுற்றுவதால், அது நெப்டியூனோடு பிறந்ததல்ல, வெளியிலிருந்து வந்து அகப்பட்டது என்றே இன்று கருதுகிறார்கள்.

ஏரியலையும் அம்ப்ரியலையும் அருகில் போய்ப் பார்த்தது ஒரே ஒருமுறை, 1986 ஜனவரியில், அதே வாயேஜர் 2. யுரேனஸ் படுத்துக்கொண்டு சுற்றும் கோள். அந்த ஆண்டு தென்துருவம் சூரியனைப் பார்த்திருந்தது. எனவே இரண்டு நிலாக்களிலும் தென்பாதிதான் படத்தில் விழுந்தது. வடபாதி இருட்டில் இருந்தது. 2022இல் அமெரிக்கத் தேசிய அகாடமிகள் வெளியிட்ட பத்தாண்டு அறிக்கையில், அடுத்த பெரிய கோள் பயணம் யுரேனஸைச் சுற்றிவரும் கலமாக இருக்க வேண்டும் என்று முதலிடம் கொடுத்திருக்கிறார்கள். அது கிளம்பி, போய்ச் சேர்ந்தால் மிச்சப் பாதி தெரியும்.

இனி உங்கள் கேள்விகள். கணுக்கால் சுளுக்கைத் தவிர வேறு எதையும் கேட்கலாம்.